ஸ்ப்ரூஸ் தெரு பதினாலாம் எண் திறக்காமல் போனது குறித்து

வாக்குமூலம் அளிப்பவர்: லாரிசா கோஸ்டியுக், வயது 57, காலஞ்சென்ற மைரான் கோஸ்டியுக் என்பவரின் மகள், பள்ளி வாரியத்தில் இணையதளப் பராமரிப்பு வேலை, வசிப்பது வினிபெக் நகரம், பன்னர்மன் அவென்யூ.

இடம்: செல்கிர்க் காவல் நிலையம், மனிடோபா. எழுதியவர்: கான்ஸ்டபிள் மெரிடித் ஓக்ஸ்.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். டன்மோர் பழைய குடியிருப்பாளர் சங்கத்தின் பொறுப்புச் செயலாளர் திரு. டக்ளஸ் பென்ஹேல், சங்கத்தின் இணையதளம் இருக்கும் சர்வருக்குள் நான் அனுமதியில்லாமல் புகுந்து அமைப்புகளை மாற்றியதாகவும், அதற்கு ஞாபகம் தவறிய தன் மனைவியைப் பயன்படுத்திக்கொண்டதாகவும் கொடுத்த புகாரின் பேரில் இங்கே அழைக்கப்பட்டு வந்துள்ளேன். வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நான் வேண்டாம் என்றேன்.

மேற்படி டன்மோர் எந்த ஊர் என்று கேட்டதற்குச் சொல்கிறேன். அது வடக்கே துத்தநாகச் சுரங்கத்துக்காகக் கம்பெனி கட்டிய ஊர். நான் அங்கேதான் பிறந்தேன். 1982-ல் சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு வந்த குளிர்காலத்தில் ஏரி நன்றாக உறைந்ததும் நல்ல நிலையில் இருந்த வீடுகளைச் சறுக்குச் சட்டங்களில் ஏற்றி டிராக்டர் கட்டி வேறு ஊர்களுக்கு இழுத்துப் போனார்கள், மிச்சத்தை இடித்துத் தள்ளினார்கள். ஸ்ப்ரூஸ் தெருவில் இருந்த எங்கள் வீடு இழுத்துப் போகப்பட்டவற்றில் ஒன்று. சமையலறை ஜன்னலில் திரைச்சீலையைக் கழற்ற அம்மா மறந்துவிட்டார். பனிக்கட்டியின் மேல் வீடு போய்க்கொண்டிருந்தபோது அந்த மஞ்சள் திரை ஆடிக்கொண்டே போனதை நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். இப்போது அங்கே தெருக்கள் இருந்த இடத்தில் பாப்ளர் மரங்கள் இருக்கின்றன.

சங்கத்தின் இணையதளம் உருவானது 2008-09 குளிர்காலத்தில். அப்போது சங்கத்தின் செயலாளர் ஐடா பென்ஹேல். அவர் புகார்தாரரின் மனைவி. டன்மோரில் எங்கள் வீட்டு வரிசையிலேயே, ஸ்ப்ரூஸ் தெரு பதினாலில் வளர்ந்தவர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், அதில் யார் குடியிருந்தார்கள், என்ன படங்கள் கிடைக்கின்றன, யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று போடவேண்டும் என்பது அவருடைய யோசனை. நிரலை நான் எழுதினேன். சர்வரைப் பார்த்துக்கொண்டவர் ராய் லிங்க்லேட்டர். அவரும் டன்மோர்க்காரர், லேக் தெரு, என் வகுப்பில் படித்தவர், தற்போது தி பாஸ் நகரில் கல்லூரி ஆசிரியர். சனிக்கிழமைகளில் செல்கிர்க்கில் ஐடாவின் சமையலறையில் மூவரும் உட்காருவோம். வெளியே வண்டிகளின் எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க மின்கம்பியைச் செருகிவிட்டு உள்ளே வருவோம். மேஜையில் இரண்டு மடிக்கணினிகள், ஷூ பெட்டிகளில் படங்கள், ஒரு தட்டில் ஜாம் வைத்த டோனட்கள். படங்களில் சர்க்கரை ஒட்டக்கூடாது என்று ஐடா எங்களைக் கை கழுவ வைப்பார்.

பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட ஒரு ஃபிரேம்வொர்க்கை, அதாவது ஆயத்தச் சட்டகத்தை, வைத்து அந்தத் தளத்தைக் கட்டினேன். அந்த வகைத் தளத்தில் எல்லாப் பக்கங்களும் இன்டெக்ஸ் என்ற ஒரே கோப்பின் வழியாகத்தான் வரும். ஆகவே முதலில் ஐடாவின் வீட்டுப் பக்கத்தின் முகவரி, தளத்தின் பெயர், அதன் பின் அந்தக் கோப்பின் பெயர், ஒரு கேள்விக்குறி, சில சமக்குறிகள், கடைசியில் 212 என்ற எண் என்று நீளமாக இருந்தது. அதை நான் பெருமையாகக் காட்டினேன். ஐடா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார்.

"இது என்ன, ஜெயில் நம்பரா?" என்றார்.

"பக்கம் சரியாத்தானே வருது" என்றேன்.

"பக்கம் வருது. ஆனா எங்க வீடு ஸ்ப்ரூஸ் தெரு பதினாலு. எங்கப்பா பொணமா வந்தப்பவும் அந்த நம்பருக்குத்தான் கொண்டுவந்தாங்க. அத அடிச்சா அது வரணும்."

அதற்கு ராய், "சர்வருக்கு ஸ்ப்ரூஸ் தெருன்னா என்னன்னு தெரியாது ஐடா. அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கான்னு தேடும். இல்லன்னா இல்லன்னு சொல்லிடும்" என்றார்.

"தெரியலன்னா சொல்லிக்குடு. நீ வாத்தியார்தானே?"

அதன் பிறகு நாங்கள் முகவரிகளை மாற்றி எழுதும் விதிகளைப் போடத் தொடங்கினோம். வாசகர் தெரு, வீட்டு எண் என்று அடிப்பார். சர்வர் அதை உள்ளுக்குள் இன்டெக்ஸ் கோப்புக்குத் திருப்பிவிட வேண்டும். அந்தக் கோப்பு தெருவையும் எண்ணையும் பிரித்துப் பார்த்து உரிய வீட்டைக் காட்ட வேண்டும். மேலே முகவரி மட்டும் அடித்தபடியே நிற்க வேண்டும். அப்போதைய சர்வர் அப்பாச்சி என்ற வகை. தளத்தின் கோப்புறையிலேயே ஒரு சின்னக் கோப்பை வைத்து அதில் விதிகளை எழுதினால் அது படித்துக்கொள்ளும் என்பதால் அப்படியே எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. எந்த வீட்டைத் தட்டினாலும் பக்கம் இல்லை என்றே வந்தது. கோப்புறைக்குள் இருக்கும் விதிகளை மதிக்கவேண்டாம் என்று சர்வரின் பிரதான அமைப்பில் போட்டிருந்ததை ராய் கண்டுபிடித்துத் திறந்துவிட்டார். அதன் பிறகு விதி தன்னையே திருப்பித் திருப்பி அனுப்பிச் சுற்றிக்கொண்டதில் தளம் மொத்தமும் விழுந்தது. அதைச் சரிசெய்த பிறகு ஒரு சனிக்கிழமை ஸ்ப்ரூஸ் தெரு பதினாலு திறந்தது. எழுத்துகள் எல்லாம் இருந்தன, ஒரு படம்கூட இல்லை.

"ஆளுங்கள எல்லாம் எங்கடி அனுப்பிச்ச?" என்று ஐடா கேட்டார்.

படங்களைக் கேட்டு வந்த கோரிக்கைகளையும் என் விதி இன்டெக்ஸ் கோப்புக்கே திருப்பிவிட்டிருந்தது. ராய் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல கேளும்மா. அப்படி ஒரு கோப்பு நிஜமாவே இருக்கா? இருந்தா அதக் குடுத்துடு. இல்லாதப்ப மட்டும் திருப்பு" என்று சொல்லி, விதிக்கு மேலே இரண்டு நிபந்தனை வரிகளைச் சேர்த்தார். அதன் பிறகு பக்கத்தைப் புதுப்பித்தோம். ஐடாவின் அப்பா, வாசல்படி, படியில் உட்கார்ந்திருந்த நாய், எல்லாம் மேலிருந்து கீழாக மெதுவாக வந்தன. அந்த நாட்களில் படங்கள் அப்படித்தான் வரும். ஐடா எழுந்துபோய் அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்று கான்ஸ்டபிள் கேட்டார். அந்த முகவரிகள் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். 2009 கோடையில் பழைய ஆட்கள் எல்லோரும் டன்மோரில் கூடினோம். அப்போது தளத்தில் பக்கம் உள்ள ஒவ்வொரு வீடு இருந்த இடத்திலும் ஓர் இரும்புக் கம்பியை நட்டு, அதில் ஒரு தகட்டை மாட்டினோம். தகட்டில் அந்த வீட்டின் இணைய முகவரி வெட்டப்பட்டிருந்தது. தகடுகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றி அந்த மண் சாலையில் கொண்டுவந்தவர் திரு. பென்ஹேல்தான். அங்கே போன் சிக்னல் கிடையாது. "இங்க நின்னு யாரும் இதப் பாக்க முடியாதே, கரடிதான் படிக்கும்" என்று அவர் சொன்னார். ஆனால் ஆட்கள் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கால்கரியிலிருந்தும் சட்பரியிலிருந்தும் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து அடித்துப் பார்த்து எங்களுக்கு எழுதினார்கள். தகட்டில் வெட்டியதை மாற்ற முடியாது. ஆகவே சர்வரை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறக்கூடாது என்று ராயும் நானும் பேசி வைத்திருந்தோம்.

ஐடாவுக்குச் சில வருடங்களாக ஞாபக மறதி நோய் இருக்கிறது. இது எனக்கு முன்பே தெரியும். சங்கத்தின் வேலைகளைத் திரு. பென்ஹேல் செய்து வந்தார், ஆனால் சங்கப் பதிவில் செயலாளர் இன்றும் ஐடாதான். சென்ற இலையுதிர் காலத்தில் பழைய சர்வர் மிகவும் பழசாகிவிட்டதால் திரு. பென்ஹேல் தளத்தை வாடகைக்கு எடுத்த வேறு ஒரு சர்வருக்கு மாற்றச் செய்தார். என்னையோ ராயையோ கேட்கவில்லை. அது அவருடைய உரிமை, அதைக் குறையாகச் சொல்லவில்லை. புதிய சர்வர் என்ஜின்-எக்ஸ் என்ற வகை. அது கோப்புறைக்குள் இருக்கும் விதிக் கோப்பைத் திறந்தே பார்க்காது, விதிகள் அதன் சொந்த அமைப்புக் கோப்பில் இருக்க வேண்டும். ஆகவே முதல் பக்கம் மட்டும் வந்தது. டன்மோரில் ஒரு வீடுகூடத் திறக்கவில்லை.

நான் திரு. பென்ஹேலைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர், "முதல் பக்கம் அழகா வருதே" என்றார். நான் உள்ளே எதுவும் வரவில்லை, ஒரு வரிதான் சேர்க்கவேண்டும் என்றேன். "லாரிசா, எனக்கு இங்க ஐடாவோட காலம் தள்றதே பெரும்பாடா இருக்கு. செத்துப்போன ஊர நோண்டாத. வசந்த காலத்துல பாக்கலாம்" என்றார். அதன் பிறகு மின்னஞ்சலும் அனுப்பினேன். வேண்டாம் என்று பதில் வந்தது. அவர் வேண்டாம் என்று சொன்னது எனக்குத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஐடா என்னை அழைத்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். "எங்க வீட்டுக் கதவு தொறக்கல" என்றார். எந்த வீடு என்று கேட்டேன். பதினாலு என்றார். தினமும் காலையில் காபியோடு அந்த முகவரியை அவரே தட்டச்சு செய்து பார்ப்பது அவருடைய வழக்கம். நேற்று என்ன சாப்பிட்டார் என்பது மறந்த பிறகும் அவர் விரல்களுக்கு அது மறக்கவில்லை. இப்போது ஒவ்வொரு காலையும் பக்கம் இல்லை என்று வருவதைப் படித்து, வீட்டை இடித்துவிட்டார்கள் என்று புதிதாகத் தெரிந்துகொண்டிருந்தார்.

நான் அடுத்த சனிக்கிழமை செல்கிர்க் போனேன். திரு. பென்ஹேல், பனிக்கட்டித் தளத்தில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் விளையாடப் போயிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துப் போனேனா என்று கேட்டதற்கு, ஆம். அதே சமையலறை, அதே மேஜை. ஐடா எனக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தார், இரண்டு முறை வைத்தார். உள்ளே போகலாமா என்று அவரிடம் தெளிவாகக் கேட்டேன். "நான்தானே செயலாளர். போ, போய்த் தொற" என்றார். புதிய சர்வரில் அவருடைய பெயரில் இருந்த கணக்கை அவரே திறந்தார், கடவுச்சொல்லை அவரே அடித்தார், நான் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை. அன்று மதியம் ஒரு தடவை அவர் என்னை ஓல்கா என்று கூப்பிட்டார். ஓல்கா என் அம்மாவின் பெயர். அனுமதி கொடுக்கும் நிலையில் அவர் இருந்தாரா என்று கான்ஸ்டபிள் கேட்பதால் இதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவர் என்னை மறந்திருக்கலாம். என்ன வேலைக்கு வந்திருக்கிறேன் என்பதை மறக்கவில்லை.

அதன் பிறகு ராயைத் தொலைபேசியில் பிடித்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன். நான் சேர்த்தது ஒரே ஒரு வரி. கேட்டபடி கோப்பு இருந்தால் அதைக் கொடு, இல்லாவிட்டால் கோப்புறை இருக்கிறதா பார், அதுவும் இல்லாவிட்டால் கேள்வியை அப்படியே இன்டெக்ஸ் கோப்பிடம் கொடு என்பது அதன் பொருள். வேறு எதையும் நான் தொடவில்லை, எந்தத் தகவலையும் எடுக்கவில்லை.

"டெஸ்ட் பண்ணாம ரீலோட் பண்ணிடாத. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனா மொத்தக் கடையும் சாத்திக்கும்" என்றார் ராய்.

"பதினாறு வருஷம் முன்னாடி சுத்தவிட்டத இன்னும் சொல்லிக்காட்டுறியா?"

"சாகற வரைக்கும் சொல்வேன். படம் இல்லாத வீடு கட்டுனவ நீ."

"யாரது, லிங்க்லேட்டர் வீட்டுப் பையனா? அவன் குரல் ஏன் கிழவன் மாதிரி இருக்கு?" என்றார் ஐடா. மறுமுனையில் ராய், டெஸ்ட் பண்ணு என்றார்.

சோதித்ததில் பிழை எதுவும் இல்லை என்று வந்தது. அமைப்பை மறுபடி ஏற்றினேன். அதன் பிறகு மடிக்கணினியை ஐடா பக்கம் திருப்பி வைத்தேன். அவர் தெருவை அடித்தார், பதினாலு என்று அடித்தார். வீடு வந்தது. அவர் திரையில் நாயின் தலை இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "கதவு இறுகிப்போச்சு, அவ்வளவுதான். குளிருக்கு எப்பவும் இறுகும்" என்றார். அதன் பிறகு இருபத்திரண்டை அடித்து, இது உன் வீடு என்று எனக்குக் காட்டினார்.

திரு. பென்ஹேல் வீட்டுக்குத் திரும்பியபோது நான் இன்னும் அங்கே இருந்தேன். என்ன செய்தேன் என்று அவர் கேட்டார், சொன்னேன். காரணத்தையும் சொல்லத் தொடங்கினேன், அவர் கேட்கும் நிலையில் இல்லை. "அவளுக்கே தெரியாம அவ கைய வச்சு வேலைய முடிச்சிட்டல்ல. வெளிய போ" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. நான் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். அதன் பிறகு அவர் கடவுச்சொற்களை மாற்றினார் என்றும் புகார் கொடுத்தார் என்றும் அறிந்தேன். நான் சேர்த்த வரியை அவர் எடுக்கவில்லை, எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை திரு. பென்ஹேல் என் வீட்டுக்கு வந்தார். நான் அழைக்கவில்லை. காலணியைக் கழற்றாமல் வாசல் விரிப்பிலேயே நின்றார்.

"தினமும் காலைல வீட்ட இடிச்சிட்டாங்கன்னு அழுவா. நான் பக்கத்துல உக்காந்து, ஆமா ஐடா, இடிச்சு நாப்பது வருஷமாச்சுன்னு சொல்வேன். தினமும் நான்தான் சொன்னேன். அவ கம்ப்யூட்டரச் சொல்றான்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். பிறகு, "இப்ப அழறதில்ல" என்றார்.

நான் அவரை உள்ளே வரச் சொன்னேன். அவர் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். இரண்டு மாடி வீடு, முன்னால் கொடிக்கம்பம். மேட்டுத் தெரு, ஒன்றாம் எண். சுரங்க மேலாளரின் வீடு. திரு. பென்ஹேல் அந்த மேலாளரின் மகன். எங்கள் தளத்தில் படமோ பக்கமோ இல்லாத ஒரே வீடு அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பாதான் மன்றத்துல நின்னு, மூடுறோம்னு படிச்சவரு. உங்கப்பாவும் அங்க உக்காந்திருந்தாரு. அந்த வீட்டப் போட்டா யாரு பாக்கப்போறான்னு நான் குடுக்கவே இல்ல." அவர் படத்தைத் துணியால் துடைப்பதுபோல விரலால் துடைத்தார். "நேத்து ஐடா என்னக் கேட்டா, நீ எந்த வீட்டுப் பையன்னு. அவளுக்குக் காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல லாரிசா."

அதன் பிறகு, அந்த விதிகளையெல்லாம் இந்த வீட்டுக்காக மறுபடி எழுதவேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விதி எந்த வீட்டுக்கும் என்று தனியாக எழுதப்பட்டதல்ல, யார் எந்தத் தெருவைக் கேட்டாலும் உள்ளே அனுப்பும், வீட்டைச் சேர்த்தால் போதும் என்று விளக்கினேன். என் மேஜையில் அவரே உட்கார்ந்து, அவருடைய கடவுச்சொல்லை அவரே அடித்து, படத்தை ஏற்றி, குடியிருந்தவர்கள் என்ற இடத்தில் பெயர்களை எழுதினார். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் மேலாளர் என்று எழுதி, அழித்துவிட்டு, மறுபடி எழுதினார். நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. புகாரைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னார். அப்படியிருந்தும் வாக்குமூலம் வேண்டும் என்று நிலையத்திலிருந்து சொன்னதால் வந்தேன்.

அன்று மாலை அவர் தொலைபேசியில் அழைத்தார். மேட்டுத் தெரு ஒன்றை ஐடாவுக்குத் திறந்து காட்டியதாகச் சொன்னார். ஐடா வெகுநேரம் பார்த்தாராம். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்து, "அங்கிருந்து நடந்தா வந்த? இந்தக் குளிர்லயா? உள்ள வந்து உக்காரு" என்று சொல்லி, தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாராம்.

இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்லச் சொல்லக் கான்ஸ்டபிள் ஓக்ஸ் எழுதி, முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே உள்ளது, எனக்குத் தெரிந்தவரை எல்லாம் உண்மை, யார் வற்புறுத்தியும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டு ஒவ்வொரு தாளின் அடியிலும் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) லாரிசா கோஸ்டியுக்

என் முன்னிலையில்: மெ. ஓக்ஸ், கான்ஸ்டபிள்